சிறு வண்டின் பெயரும் நெல்வயலின் நலனும்

புதுதில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கேரளத்துப் பண்டங்களை விற்கும் கடைகள் உள்ளன. அங்கே சிவப்பரிசி வாங்கிச் செல்வோர், கேரளத்து நெல்வயல்கள் பலவற்றை ஒரு காலத்தில் நீர்க்களையொன்று மூடிக் கிடந்ததையும், இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள கூன்வண்டு ஒன்று அதனை ஒடுக்கியதையும் அறிந்திருக்க நியாயமில்லை. வயல்வெளி ஊழியரும் ஆசிரியரும் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் அவசியம். தொலைதூரத் தீவில் பிடிபட்ட ஒரு சிறு வண்டைப் புதிய இனமென்றோ துணையினமென்றோ ஆராய்ந்து விவரிப்பது பொழுதுபோக்கேயன்றி வேறன்று எனக் கருதுவாருமுளர். அவர்களுக்கு இவ்வரலாறே தக்க விடையாகும்.

சால்வீனியா என்பது நீரில் மிதந்து வளரும் பெரணி வகை. 1939-இல் தாவரவியல் கல்வியின் பொருட்டு இலங்கைக்குக் கொணரப்பட்ட இது, விரைவில் அத்தீவின் நீர்நிலைகளில் பரவிற்று. 1950களில் திருவனந்தபுரத்தையடுத்த வேளி ஏரியில் காணப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் கேரளத்திற்கே பெருந்தொல்லையாயிற்று. ஆப்பிரிக்கப் பாயல் என்று மக்கள் இதனை அழைத்தனர். இதற்கு வித்தோ விதையோ வேண்டுவதில்லை. ஒடிந்த ஒரு துண்டு தனிச் செடியாகிப் பெருகும். கால்வாய்களில் படகுகள் செல்ல இயலவில்லை. நடவுக்கு முன் இக்களையைக் கையால் அகற்றுவதற்கே ஹெக்டேருக்குச் சுமார் 235 ரூபாய் உழவர்க்குச் செலவாயிற்று.

இதற்கு இயற்கைப் பகைவரைத் தேடியபோது ஒரு பிழை நேர்ந்தது. உலகெங்கும் பரவிய இக்களை, முன்பே அறியப்பட்ட சால்வீனியா ஆரிகுலேட்டா என்ற இனமே என நம்பப்பட்டது. ஆகவே அவ்வினம் இயற்கையாக வளரும் ட்ரினிடாட் தீவிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் பூச்சிகள் தேடப்பட்டன. அத்தீவின் சிர்ட்டோபேகஸ் சிங்குலாரிஸ் என்ற கூன்வண்டு போட்ஸ்வானா, ஃபிஜி முதலிய நாடுகளில் விடப்பட்டது, களை அடங்கவில்லை. 1974-இல் ட்ரினிடாட்டிலிருந்து தருவித்துக் கேரளத்தில் விடப்பட்ட வெட்டுக்கிளியும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

1972-இல் மிட்செல் என்னும் தாவரவியலார் இக்களை தனியினம் எனக் காட்டி, சால்வீனியா மொலெஸ்டா எனப் பெயரிட்டார். அதன்பின் தேடலின் திசையே மாறிற்று. 1978-இல் அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் எனத் தெரியவந்தது. அங்கே அதன்மீது வாழ்ந்த கூன்வண்டு, பார்வைக்கு ட்ரினிடாட் வண்டையே ஒத்திருந்ததால், அதே இனமெனக் கொள்ளப்பட்டது. 1980-இல் அதனை ஆஸ்திரேலியாவில் மூண்டாரா ஏரியில் விட்டனர். ஏறத்தாழ ஓராண்டில், அங்கு 200 ஹெக்டேர் பரப்பை மூடியிருந்த களை அழிந்தது. ஒரே வண்டு ஓரிடத்தில் தோற்று மற்றோரிடத்தில் வெல்வதேன் என்ற வினா எழுந்தது. உடலளவையும் உறுப்புகளின் நுண்ணிய அமைப்பையும் ஒப்பிட்ட கால்டர், சாண்ட்ஸ் என்னும் இருவர், 1985-இல் அதனைச் சிர்ட்டோபேகஸ் சால்வீனியே என்ற புதிய இனமாக விவரித்தனர். இதன் புழுக்கள் களையின் தண்டைத் துளைக்கின்றன. வளர்ந்த வண்டுகள் மொட்டுகளைத் தின்கின்றன.

ஆஸ்திரேலியாவிலிருந்து பெறப்பட்ட இவ்வண்டு 1983-இல் பெங்களூரில் ஓர் அல்லிக் குளத்தில் விடப்பட்டு, ஓராண்டுக்குள் களையை அடக்கிற்று. பின்னர்க் கேரளத்தில் விடப்பட்டு, சில ஆண்டுகளில் மூடிக்கிடந்த கால்வாய்கள் பல திறந்தன. இலங்கையிலும் 1980களின் பிற்பகுதியில் இதுவே பயன்பட்டது.

பெயர் சூட்டப்படுமுன்பே வண்டு தன் பணியைத் தொடங்கிவிட்டதே, பெயரால் என்ன பயன் என ஒருவர் வினவலாம். அது நற்பேறு, நற்பேற்றை நம்பித் திட்டம் வகுத்தலாகாது. இரண்டும் ஒன்றெனவே எண்ணியிருந்தால், அடுத்த நாடு மீண்டும் ட்ரினிடாட் வண்டையே தருவித்து ஏமாந்திருக்கும்.

எனினும், வேறுபாடு கண்டவிடமெல்லாம் புதுப்பெயர் சூட்டுதலும் முறையன்று. ஃபுளோரிடாவில் வாழும் இவ்வகை வண்டு பிரேசில் வண்டினின்று வேறுபட்ட புதிய இனமாகலாம் என 2000-இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2006-இல் வெளிவந்த விரிவான ஆய்வோ, இரண்டும் ஓரினத்தின் சூழல்வகைகளே என்ற முடிவுக்கு வந்தது. அந்தமான், நிகோபார் போன்ற தீவுக்கூட்டங்களில், கடல் பிரித்த கூட்டங்கள் சிறிதளவு வேறுபட்டிருப்பது இயல்பு. இரண்டு மூன்று வண்டுகளை மட்டும் கண்டு துணையினம் என்று துணிதல் கூடாது. பல இடங்களினின்றும் ஆணும் பெண்ணுமாகப் பல வண்டுகளைச் சேர்த்து ஒப்பிட்டபின்னரே முடிவு செய்தல் வேண்டும். பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி எதுவென்று வெளிப்படையாகக் குறித்தல் 2000 முதல் சர்வதேச விதியுமாகும்.

இப்பணிக்குத் துணைபுரிய நுண்ணோக்கி வல்லுநராக வேண்டுவதில்லை. பூச்சியைப் பிடித்த ஊர், நாள், அது தின்ற செடி ஆகிய மூன்றையும் பென்சிலால் சிறு சீட்டில் எழுதி, பூச்சியோடு சாராயக் குப்பியில் இட்டால் போதும். சீட்டில்லாத பூச்சி எத்துணை அரிதாயினும் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படாது. செடியின் பெயர் தெரியாவிடில், அதன் ஒரு கிளையையும் உலர்த்தி அனுப்புதல் நன்று. சால்வீனியாவின் கதையில் முதற்பிழை செடியின் பெயரில்தான் நேர்ந்தது. தில்லியிலேயே இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பூசா தொகுப்பு உள்ளது. 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் அளவைத்துறை கொல்கத்தாவில் உள்ளது.

இத்தகைய தொகுப்புகளைப் பேணவும், அவற்றை ஆராயும் இளைஞரைப் பயிற்றவும் செலவிடும் பணம் வீண்செலவன்று. களைக்கும் பூச்சிக்கும் எதிரான திட்டங்களின் முதற்செலவு அதுவே எனக் கொள்ளல் வேண்டும். ஆசிரியர்கள் தம் மாணவர்க்குப் பூச்சி பிடிக்கக் கற்பிப்பதோடு, சீட்டெழுதவும் கற்பிப்பாராக.