பதினேழாம் நாள் யார் வருவது?

சாவு வீட்டுக்குப் போவதில் நம்மவர்கள் என்றும் குறை வைத்ததில்லை. கூடாரம் போடுவோம், நாற்காலி அடுக்குவோம், தேத்தண்ணீர் கலக்குவோம். ஆனால் இறந்தவர் தற்கொலை செய்துகொண்டார் என்று தெரிந்ததும் அதே கூடாரத்துக்குள் முணுமுணுப்பு தொடங்கிவிடுகிறது. "ஆ லோங் கடனாம்." "வீட்டில் சண்டையாம்." "பெத்தவளுக்கா தெரியாம இருக்கும்?"

பதினாறாம் நாள் கருமக்கிரியையோடு கூட்டம் கலைந்துவிடும். அந்தத் தாய்க்கு மிஞ்சுவது அந்தக் கடைசிக் கேள்வி மட்டுமே.

உறவுகளே, தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. மனச்சோர்வு, கடன், குடி, வேலையில்லாமை, தனிமை எனப் பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்து அழுத்துகின்றன. வாசலில் நின்று தீர்ப்புச் சொல்ல நம்மில் யாருக்கும் உரிமை இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கி ஓராண்டு வரை சிறைக்கு அனுப்ப இடம் கொடுத்தது. 2023இல் நம் நாடாளுமன்றம் அதை நீக்கியது. சட்டமே கைவிட்ட பழியை நாம் ஏன் இன்னும் சுமத்திக்கொண்டிருக்கிறோம்?

பதினேழாம் நாளும் அந்த வீட்டுக்குப் போவோம். ஒரு வேளைச் சோறு கொண்டுபோவோம். இபிஎஃப், சொக்சோ அலுவலகங்களுக்குத் துணைக்குப் போவோம். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டாம். அவர் எப்படி வாழ்ந்தார் என்று பேசுவோம். பிள்ளைகளிடம் "அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லி வைக்காதீர்கள். உண்மை ஒருநாள் வெளியார் வாயிலிருந்து வந்தால் இன்னும் வலிக்கும். அவர்களுக்குப் புரியும் அளவில் நீங்களே சொல்லுங்கள்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இறந்தவர் மேல் கோபம் வரும், குற்ற உணர்வு வரும், தூக்கம் போகும். நீங்கள் கெட்டவர் என்பதற்கு அது அடையாளம் அல்ல. 'நானும் போய்விட்டால் என்ன' என்ற எண்ணம் எழுந்தால் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். பிஃப்ரண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையின் எண் 15555. பக்கத்து அரசாங்க கிளினிக்கிலும் மருத்துவரிடம் மனம் விட்டுப் பேசலாம்.

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் பத்து வீடு ஓடிவரும். அடுக்குமாடிக்கு வந்தபின் நம் கதவுகள் மூடிக்கொண்டன. இன்று எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.