சாம்பார் வந்துருச்சா?

கல்யாணப் பந்தியில் நான் மிகவும் மதிக்கிற ஆள் மாப்பிள்ளை அல்ல. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து, “சாம்பார் வந்துருச்சா? ரசம் வேணுமா?” என்று ஒவ்வொரு இலையாக விசாரிக்கிறாரே ஒரு பெரியவர், அவர்தான். எங்கள் ஆவூர்ப் பக்கம் அவர் இல்லாமல் எந்த விசேஷமும் நடக்காது. எந்த வரிசையில் எத்தனை பேர் என்று அவர் எண்ணுவதில்லை. யாருக்கு எது வரவில்லை என்பது மட்டும்தான் அவர் கவலை.

கம்ப்யூட்டர்காரர்களிடம் இதே பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் டி.ஆர்.எஸ்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். (பயப்படாதீர்கள், ஒரு பாராதான்.) ஒரு சர்வருக்கு ஒரு வேலை என்றிருந்த காலம் போய்விட்டது. ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருபது முப்பது ‘வர்ச்சுவல் மெஷின்’களைக் குடிவைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தனக்குத் தனி வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கும். நிஜத்தில் எல்லாம் ஒண்டுக்குடித்தனம். இந்தத் தொழிலில் பெரிய கை, 1998-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த விஎம்வேர். (2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிவிட்டது.) ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை நிறுத்தாமலே பக்கத்துப் பெட்டிக்குக் குடிமாற்றுகிற ‘வீமோஷன்’ வித்தையை 2003-ல் கொண்டுவந்தார்கள். பால் காய்ச்சுவது, அட்வான்ஸ் எதுவும் கிடையாது. எப்போது, யாரை, எங்கே மாற்றுவது என்று தீர்மானிக்கிற டி.ஆர்.எஸ். 2006-ல் வந்தது.

பி.காம். ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டது ஞாபகமிருக்கிறதா? “இது வாழ்க்கையில் எங்கே சார் உதவும்?” என்று கேட்டோமே, இங்கேதான். பழைய டி.ஆர்.எஸ். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பெட்டிகளின் சுமை எவ்வளவு விலகியிருக்கிறது என்று இதைத்தான் போட்டுப் பார்த்தது. 2020-ல் வந்த ஏழாவது பதிப்பில் ஆள் மாறிவிட்டார். இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு மெஷினாகப் போய், “உனக்கு வேண்டியது கிடைக்குதா?” என்று கேட்கிறார். பந்திப் பெரியவரேதான்!

ஊர்ப் பையன் ஒருவன் சென்னையில் இந்தப் பெட்டிகளைக் கட்டி மேய்க்கிறான். மாசக் கடைசியில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன்.

“அண்ணே, நாலு சர்வர்ல ஒண்ணு மட்டும் மெமரி தொண்ணூறு பர்சென்ட். மத்ததெல்லாம் நாப்பது. டி.ஆர்.எஸ். கம்முனு உக்காந்துருக்கு. சம்பளம் போடுற மெஷின் வேற ஊர்ந்துக்கிட்டுக் கெடக்கு. நாளைக்குச் சம்பளம் ஏறலைன்னா மேனேஜர் எனக்கு மெமோ குடுத்துருவாரு.”

“தம்பி, நான் பத்திரிகையில எழுதுறவன்டா.”

“பரவால்லண்ணே. சொல்லச் சொல்லத்தான் எனக்கே வெளங்கும்.”

சரி, கேட்பதற்குச் சம்பளமா கொடுக்கப்போகிறார்கள்?

தொண்ணூறு என்பதே குற்றமில்லை என்றான். பந்தி நிரம்பியிருப்பது வேறு, சாம்பார் வராமல் ஒருத்தர் கையைப் பிசைந்துகொண்டிருப்பது வேறு. வராததைக் கண்டுபிடிக்க ‘ரெடி டைம்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. மெஷின் வேலைக்குத் தயாராக நிற்கிறது, ஆனால் பிராசஸர் கிடைக்கவில்லை. அப்படி நிற்கிற நேரம். சம்பள மெஷினும் அதன் டேட்டாபேஸ் கூட்டாளிகளும், ஆக ஆறு பேர், அந்த ஒரே பெட்டியில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு எல்லாம் தாராளம்.

அப்படியென்றால் பெரியவர் ஏன் நகர்த்தவில்லை? ஒவ்வொன்றாகப் பார்த்தோம். (பார்த்தது அவன். ‘உம்’ கொட்டியது நான்.)

ஒன்று: அதிகாரம். டி.ஆர்.எஸ்.ஸை ‘மானுவல்’ என்று வைத்துவிட்டால் யோசனை மட்டும் சொல்லும். அமல்படுத்த மனுஷன் பட்டனை அமுக்க வேண்டும். அது முழு ஆட்டோமேட்டிக்கில்தான் இருந்தது. 1 முதல் 5 வரையுள்ள சுறுசுறுப்பு அளவும் நடுவே 3-ல் இருந்தது. 1-ல் வைத்தால், கட்டாயம் என்றால் மட்டுமே அசைவார்.

இரண்டு: ஆள் உயிரோடு இருக்கிறாரா? டி.ஆர்.எஸ். குடியிருப்பது வீசென்டரில். அது படுத்தால் இவரும் படுப்பார். 2020 கடைசியில் வந்த பதிப்பில் ‘விசிஎல்எஸ்’ என்ற குட்டி மெஷின்களும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ‘இது என்னடா தெரியாத குடித்தனம்’ என்று யாராவது அவற்றை முடக்கிவிட்டால் டி.ஆர்.எஸ். வேலைநிறுத்தம். இங்கே எல்லாம் சௌக்கியம்.

மூன்று: வழியில் தடை. மெஷினில் அந்தப் பெட்டியின் சி.டி. டிரைவ் மாட்டியிருந்தால் போதும், குடிமாற்றம் நின்றுவிடும். ஒரு தட்டுக்காக ஒரு குடும்பமே நகராது! இன்டெல்லில் ஓடுவது, ஓட்டத்திலேயே ஏ.எம்.டி.க்குப் போகாது. இதுவும் இல்லை.

நான்கு: சட்டம். இங்கேதான் மாட்டியது. ‘இந்த ஆறு மெஷினும் முதல் பெட்டியில் மட்டுமே ஓடியாக வேண்டும்’ என்று ஒரு ரூல். எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷங்களாகிறது. அப்போது டேட்டாபேஸ் லைசென்ஸ் ஒரு பெட்டிக்குத்தான் இருந்தது, அதனால் எழுதினார். நியாயம்தான்.

“அண்ணே, ரூலை அழிச்சிரவா?”

ரசீது பார்க்கப் பழகிய மூளை விழித்துக்கொண்டது. “டேய், லைசென்ஸ் இல்லாத பெட்டிக்கு அது தாவினா, ஆடிட்ல வர்ற பில்லு உன் மெமோவைவிடப் பெருசா இருக்கும். மொதல்ல பேப்பரைப் பாரு.”

பார்த்தான். போன வருஷமே இரண்டாவது பெட்டிக்கும் லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. கணக்குப் பிரிவுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை! ரூலை அழிக்காமல், அதில் இரண்டாவது பெட்டியையும் சேர்த்தான். கொஞ்ச நேரத்தில் மூன்று மெஷின்கள் தாமாகவே நடந்துபோயின. விடிவதற்குள் சம்பளம் ஏறிவிட்டது. மெமோ வரவில்லை. (பாராட்டும் வரவில்லை. சர்வர் ரூமில் அது வழக்கமில்லை.)

இயந்திரத்தை ஆயிரம் திட்டலாம். அது பாவம், நாம் எழுதிவைத்ததை மறக்காமல் வைத்திருந்தது. எழுதிய காரணத்தைத்தான் நாம் மறந்துவிட்டோம். ஒவ்வொரு ரூலுக்குப் பக்கத்திலும் ‘யார், எப்போது, எதற்கு’ என்று ஒரு வரி எழுதிவைத்தால் பல ராத்திரிகள் மிச்சம்.

நம் ஆபீஸிலும் ஒரு டி.ஆர்.எஸ். உண்டு. வேலை செய்கிறவன் மேஜையைத் தேடிக் கண்டுபிடித்து, அடுத்த ஃபைலையும் அங்கேயே வைக்கும். அதற்கு ‘ரெடி டைம்’ பார்க்கத் தெரியாது.

“சாம்பார் வந்துருச்சா?” என்று கேட்கிற மேனேஜர் யாருக்காவது வாய்த்திருந்தால், சொல்லி அனுப்புங்கள். எங்கள் ஊர்ப் பையன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான்!