மேலே அஞ்சு ஸ்பீக்கர், கீழே ஒரு வார்த்தை புரியலை

போன வாரம் அகமதாபாத்திலிருந்து நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவரும் பேங்க்தான், என்னை மாதிரியே மூணு வருஷத்துக்கு ஒரு ஊர்னு பெட்டி கட்டற ஜீவன். இப்பதான் சொந்தமா ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கார். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட அடுத்த திங்கட்கிழமை ஆள் வர்றாங்களாம்.

"சார், அஞ்சு ஸ்பீக்கரையும் சீலிங்குள்ளயே பதிச்சுடலாம்னு கடைக்காரர் சொல்றார். தரையில ஒண்ணுமே இருக்காது, பார்க்க நீட்டா இருக்கும். ஒன்றரை லட்சம் ஆகும்ங்கறார், பர்சனல் லோன் போட்டுடலாம்னு இருக்கேன். நீங்க புனேல போட்டீங்களே, எப்படி இருந்துச்சு?"

ஒரு மணி நேரம் பேசினேன். போனை வச்சதும் தங்கமணி, "நாம பட்டதை அவருக்காவது சொன்னீங்களே"ன்னாங்க. அவருக்குச் சொன்னதை, அவரை மாதிரியே வெளியூர்ல வீடு கட்டி டிவி முன்னாடி உட்காரப்போற எல்லாருக்கும் சொல்லிடலாம்னுதான் இது. நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை, வெறும் பி.காம். கைக்காசு போட்டுக் கத்துக்கிட்டதை மட்டும் சொல்றேன்.

2016-ல புனேல ஃப்ளாட் வாங்கினோம். ஸ்லாப் ஒன்பதரை அடி உயரம், அதுக்குக் கீழ அரை அடி இறக்கி ஜிப்சம் சீலிங். நண்பருக்குச் சொன்ன அதே வசனத்தைத்தான் எனக்கும் ஒரு கடைக்காரர் சொன்னார். டிவிக்கு மேல சீலிங்ல வரிசையா மூணு, சோபாவுக்குப் பின்னாடி ரெண்டு. டெமோவுக்கு அவர் போட்டது ஒரு ஹெலிகாப்டர் சீன். தலைக்கு மேல சுத்திச்சு பாருங்க, நான் அங்கேயே கவுந்துட்டேன். வீடு கூட்டற அம்மாவுக்கு ஒயர் தடுக்காது, குழந்தை இழுத்துப் போடாது, ஷோகேஸ் மாதிரி இருக்கும்னு தங்கமணிக்கும் சந்தோஷம்.

அந்த வருஷம் மே மாசம் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்தாங்க. வீடு பார்த்தாங்க, பால் காய்ச்சினதுக்கு வர முடியலைன்னு வருத்தப்பட்டாங்க, சாயங்காலம் சேர்ந்து படம் பார்க்க உட்கார்ந்தாங்க. பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"ஏய்யா, அவன் என்ன சொல்லுதான்?"

சவுண்ட் கூட்டினேன். பாட்டு வந்ததும் காதைப் பொத்திக்கிட்டாங்க, குறைச்சேன். மறுபடி பேச்சு வந்ததும், "ஒண்ணும் வெளங்கல. மேல யாரோ பேசுத மாதிரி இருக்கு"ன்னாங்க. ரெண்டாம் நாள், மூணாம் நாளும் இதே கதை. நாலாம் நாள் "நீங்க பாருங்க, எனக்கு உறக்கம் வருது"ன்னு எட்டு மணிக்கே உள்ள போயிட்டாங்க. ஊர்ல பதினோரு மணி வரைக்கும் டிவி பார்க்கறவங்க அவங்க.

வயசாச்சு, காது மந்தம்னு நினைச்சுக்கிட்டேன். அது பாதிதான் உண்மைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. வயசானா முதல்ல குறையறது உச்ச ஸ்தாயி ஒலிகள். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிச்சுக் காட்டற மெய்யெழுத்துச் சத்தம் பெரும்பாலும் அங்கதான் இருக்கு. சீலிங் ஸ்பீக்கர் என்ன பண்ணுது? அதோட ட்வீட்டர் தரையைப் பார்த்திருக்கு, உட்கார்ந்திருக்கறவர் முகத்தை இல்லை. உச்ச ஸ்தாயி ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, நேரா இருக்கறவருக்குத்தான் முழுசா வரும், பக்கவாட்டுல குறைஞ்சுடும். மிச்சம் நம்ம வீட்டு வழவழ டைல்ஸ்ல பட்டுத் தெறிச்சுக் குழம்பி வரும். அதாவது அம்மாவுக்கு எது குறைவாக் கேக்குமோ, அதையே குறைச்சுக் கொடுக்கற மாதிரி நான் ஒரு சிஸ்டம் வாங்கி வச்சிருந்தேன்.

ஆனா அம்மா மட்டுமா? என் பொண்ணு அப்ப ரெண்டாங்கிளாஸ். அவ காது பாம்பு காது. அவளும் ஒரு நாள் தானா ரிமோட்டை எடுத்து இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டா. கேட்டா, "புரியலைப்பா, படிச்சா புரியுது"ங்கறா.

அப்பதான் எனக்கு சுருக்குனு இருந்தது. அவ பிறந்தது போபால், படிக்கறது புனே. ஸ்கூல்ல ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ். தமிழ்னா நாங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசறதுதான். அதையும் எழுதிப் பார்த்தா "சாப்பிட்டியா, குளிச்சியா, ஹோம்வொர்க் முடிச்சியா"ன்னு ஒரு பக்கத்துல முடிஞ்சுடும். மதுரைக்காரர் எப்படிப் பேசுவார், கோயம்புத்தூர்க்காரர் எப்படிப் பேசுவார், பாட்டி ஊர்ல ஏன் "சொல்லுதான்"ங்கறாங்க, இதெல்லாம் அவ காதுல விழற ஒரே இடம் அந்த டிவி. அதையும் அவ கேக்கறதை விட்டுட்டு இங்கிலீஷ்ல படிக்க ஆரம்பிச்சா, நான் ஒரு லட்சத்துக்கு மேல செலவு பண்ணி வீட்டுல இருந்த கொஞ்சம் தமிழையும் மியூட் பண்ணியிருக்கேன்னு அர்த்தம்.

எங்க பிராஞ்சுலயும் சீலிங் ஸ்பீக்கர் உண்டு. டோக்கன் நம்பரை அதுதான் கூப்பிடுது. நம்பர் காதுல விழுந்து எழுந்து வர்ற கஸ்டமரை நான் அதிகம் பார்த்ததில்லை, எல்லாரும் சுவத்துல இருக்கற போர்டைத்தான் பார்த்துட்டு இருப்பாங்க. என் வீட்டு ஹாலும் அப்படித்தான் ஆகியிருந்தது. ஸ்பீக்கர் மேல கத்துது, ஜனம் கீழ போர்டு படிக்குது :-)

இந்த பிராஞ்சு சமாச்சாரத்துல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. ஆபீஸ், கடை, மால்ல மாட்டற சீலிங் ஸ்பீக்கர் பலதும் 100 வோல்ட் லைன் வகை, உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒரு பெரிய இடம் முழுக்க ஒரே அளவா சத்தத்தைப் பரப்பறதுதான் அதோட வேலை. வீட்டு ஏவி ரிசீவருக்கு வேணுங்கறது 8 ஓம்ஸ் அல்லது 6 ஓம்ஸ் ஸ்பீக்கர். வெளியே பார்க்க ரெண்டும் ஒரே வெள்ளை வட்டம்தான். விலை கம்மியா இருக்கேன்னு அதைத் தூக்கிட்டு வந்துடாதீங்க.

சீலிங் ஸ்பீக்கரே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. அதுக்குன்னு ஒரு வேலை இருக்கு. 2012-ல டால்பி அட்மாஸ் வந்தது, அந்த வருஷ டிசம்பர்லயே நம்ம சிவாஜி 3டி அட்மாஸ்ல தியேட்டருக்கு வந்துடுச்சு. 2013-ல விஸ்வரூபம் ஆரோ 3டியில வந்தது. மழை, விமானம், மேல்மாடிக் காலடிச் சத்தம், இதெல்லாம் தலைக்கு மேலிருந்து வரணும்ங்கறதுக்காக வந்த ஏற்பாடு இது. 5.1.2-ன்னு பெட்டியில போட்டிருக்கும். 5 காது உயரத்துல, 1 சப்வூஃபர், 2 மட்டும் மேல. அந்த 5 கீழ இருக்கறதாலதான் இந்த 2 மேல இருக்கறது தெரியும். எல்லாத்தையும் மேல ஏத்திட்டா மழை எது, மனுஷன் எதுன்னு காது எப்படிப் பிரிக்கும்? திரையில முகம் இருக்கற இடத்துல குரல் வரணும். சினிமாவுல பேச்சு பெரும்பாலும் சென்டர் சேனல்லதான் வச்சிருப்பாங்க. அந்த சென்டரைப் போய் சீலிங்ல பதிச்சது என் முதல் தப்பு.

அதனால நண்பருக்கு நான் சொன்ன வரிசை இதுதான்:

1. முதல் காசு சென்டர் ஸ்பீக்கருக்கு. டிவிக்கு நேர் கீழ வச்சு, உட்கார்ந்தவர் முகத்தைப் பார்க்கற மாதிரி லேசா மேல்நோக்கிச் சாய்ச்சு வைங்க. ஒண்ணுல தாராளமா செலவு பண்ணலாம்னா அது இதுலதான்.

2. அப்புறம் இடது, வலது. பெரிய டவர் வேணும்னு இல்லை, ட்வீட்டர் காது உயரத்துக்கு வந்தா போதும். முடிஞ்சா சென்டரும் இதே கம்பெனி, இதே வரிசையா இருக்கட்டும், குரல் ஒரே மாதிரி வரும்.

3. சரவுண்ட் ரெண்டும் சோபாவுக்குப் பக்கவாட்டுல, சற்றே பின்னாடி, காதுக்குக் கொஞ்சம் மேல சுவத்துல. நம்ம ஹால்ல ஒரு பக்கம் பால்கனி, ஒரு பக்கம் டைனிங்னு சுவரே இருக்காது. அந்த மாதிரி வீட்டுல இந்த ரெண்டை மட்டும் சீலிங்ல வைக்கலாம். சமரசம்தான், ஆனா பேச்சு கெடாது.

4. சப்வூஃபர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ எங்கிருந்து சத்தம் வருதுன்னு காதுக்கு அவ்வளவாத் தெரியாது, அதனால சோபா ஓரத்துல கூட ஒளிச்சு வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் படுக்கையறைச் சுவரை ஒட்டி மட்டும் வேண்டாம்.

5. இதெல்லாம் முடிஞ்சு காசு மிச்சமிருந்தாத்தான் சீலிங். ரெண்டே ரெண்டு, சோபாவுக்கு நேர் மேல இல்லாம சற்றே முன்னாடி. ரிசீவர் ஏழு சேனல் ஓட்டக்கூடியதா, நீங்க பார்க்கற படத்துல அட்மாஸ் இருக்கான்னு முன்னாடியே பாருங்க. நாம திரும்பத் திரும்பப் பார்க்கற பழைய படங்கள் பலதுல அது இருக்காது.

வெளிநாட்டு வீடியோக்கள்ல சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு: ஃபேன். நம்ம ஹால்ல 48 இஞ்ச் ஃபேன் இல்லாம மே மாசத்தை ஓட்ட முடியுமா? ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவுல இறக்கை சுத்தினா சத்தம் வெட்டி வெட்டி வரும். ஃபேன் மையத்திலிருந்து குறைஞ்சது ரெண்டரை அடி தள்ளித்தான் ஓட்டை போடணும். ஆறரை இஞ்ச் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய எட்டு இஞ்ச் ஓட்டை வேணும். ஜிப்சம் போர்டைத் தாங்கற கம்பி அந்த இடத்துல வருதான்னு போர்டு அடிக்கிறதுக்கு முன்னாடியே கார்ப்பெண்டரைக் குறிச்சு வைக்கச் சொல்லுங்க. சரியா இறுக்காத போர்டு ஒவ்வொரு தபேலா அடிக்கும் கிர்ர்னு கூடவே பாடும், எங்க வீட்டுல பாடிச்சு. பின்பக்கம் மூடின பெட்டி இல்லாத ஸ்பீக்கரா இருந்தா சத்தத்துல பாதி மேலயும் போகும். எங்க மேல்வீட்டு ஆஜோபா ஒருநாள் லிஃப்ட்ல சிரிச்சுக்கிட்டே, "நேத்து படம் நல்லா இருந்துச்சா?"ன்னு ஹிந்தியில விசாரிச்சார். அதுக்கப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பயந்து பயந்துதான் பார்த்தோம்.

ஸ்பீக்கர் இப்ப வாங்கலைன்னாலும் ஒயரை மட்டும் இப்பவே இழுத்து வச்சிடுங்க. கரன்ட் ஒயர் போற பைப்புல சேர்த்துப் போடாம தனிப் பைப்புல. முழுச் செம்பு ஒயரான்னு நுனியைச் சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அது செம்பு முலாம் பூசின அலுமினியம். பின்னாடி ரெண்டு ஓட்டை போட்டா வேலை முடிஞ்சது. சீலிங்கை உடைக்க வேண்டாம்.

கடைசியா, பேங்க்காரன் கணக்கு. ஒன்றரை லட்சம், 11 சதவீதம், 36 மாசம்னா மாசம் ஏறக்குறைய 4,911 ரூபாய் தவணை. வட்டி மட்டும் 26,800 ரூபாய் கிட்ட வருது. அந்த வட்டியிலயே ஒரு நல்ல சென்டர் ஸ்பீக்கர் வாங்கிடலாம். அதோட நம்ம உத்தியோகம் இருக்கே. 2021-ல எனக்கு நாக்பூருக்கு மாத்தல் வந்தப்ப, பின்னாடி வாங்கின சென்டரும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் அட்டைப்பெட்டியில கூடவே வந்துடுச்சு. சீலிங்ல பதிச்ச அஞ்சும் அங்கேயே இருக்கு, இப்ப குடியிருக்கறவர் அதுல காலையில பஜன் போடறாராம். கழட்டினா அஞ்சு ஓட்டை அடைச்சுப் பெயிண்ட் அடிக்கணும்னு விட்டுட்டேன். வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு மேல்நோக்கிப் பாடற சின்ன ஸ்பீக்கர்கள் கிடைக்குது. சத்தம் சீலிங்ல பட்டுத் திரும்பி வரும். 8-லிருந்து 12 அடிக்குள்ள சமதளமான சீலிங் இருந்தா சுமாரா வேலை செய்யும். நிஜ சீலிங் ஸ்பீக்கர் அளவுக்கு வராது, ஆனா லாரியில ஏறும்.

சென்டர் ஸ்பீக்கர் வந்த அடுத்த வருஷம் அம்மா மறுபடி வந்தாங்க. படம் ஓடிட்டிருந்தது. அம்மா ஒண்ணும் கேக்கலை. வில்லன் ஏதோ சொன்னதுக்கு, "இவன் பேச்சைப் பாரு"ன்னு பதில் சொன்னாங்க. "பாட்டி, அது படம்"னா என் பொண்ணு. சப்டைட்டில் அன்னிக்கு இல்லை. தானா எடுத்துட்டாளா, பாட்டிக்காக எடுத்தாளான்னு நான் கேட்டுக்கலை.

ஆக, கடைக்குப் போறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். ஹெலிகாப்டர் சீனைப் போட விடாதீங்க. ஒரு தமிழ்ப் படத்துல அம்மாவும் பையனும் அடுக்களையில மெதுவாப் பேசற சீனைப் போடச் சொல்லுங்க. முடிஞ்சா வீட்டுல இருக்கற பெரியவரையும் கூட்டிட்டுப் போங்க. அவருக்கு வார்த்தை வார்த்தையாப் புரிஞ்சா மட்டும் பில் போடச் சொல்லுங்க. நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன். திங்கட்கிழமை ஆள் வந்ததும் ஒயர் மட்டும் இழுக்கச் சொல்லப்போறாராம்.