விக்கிரமன் வாயடைத்த இடம்

அம்புலிமாமாவின் வேதாளக் கதைகளைப் பற்றி இன்று யார் எழுதினாலும் கண்கலங்கியபடிதான் எழுதுகிறார்கள். பால்யம், கோடை விடுமுறை, பாட்டி வீட்டுத் திண்ணை. விமர்சனம் அந்தத் திண்ணையில் ஏறுவதில்லை. பழைய இதழ்களைத் தேடி வாங்கி பைண்டு செய்து வைக்கிறார்கள். கணினியில் ஏற்றிப் பரிமாறிக்கொள்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அந்தத் தொடர் நம் கற்பனையை வளர்த்தது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குத் தகராறு.

மூலத்தைப் பார்ப்போம். காஷ்மீரத்து சோமதேவர் 11-ம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரத்துக்குள் இருக்கிறது வேதாள பஞ்சவிம்சதி. பெயரிலேயே கணக்கு உண்டு: 25. ஒரு பிட்சு தினமும் ஒரு கனியைக் கொண்டுவந்து அரசனிடம் கொடுக்கிறான். ஒவ்வொரு கனிக்குள்ளும் ஒரு ரத்தினம். பட்ட கடனுக்காக அரசன் மயானத்துக்குப் போய், சிம்சபா மரத்தில் தொங்கும் பிணத்தைச் சுமக்கிறான். (வேதாளத்தை முருங்கையில் ஏற்றியது நம் பழமொழி.) பேசினால் பிணம் மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடிக்கும்.

கடைசிப் புதிர் இது. காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைத் தகப்பனும் மகனும் பார்க்கிறார்கள். பெரிய பாதக்காரி தகப்பனுக்கு, சிறிய பாதக்காரி மகனுக்கு என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். தேடிப் பிடித்தால் அவர்கள் தாயும் மகளும். சிறிய பாதம் தாயுடையது. பேச்சு பேச்சுத்தான். மகளைத் தகப்பன் மணக்கிறான், தாயை மகன். இவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? முறை சொல்லி அழைப்பதில் சமர்த்தர்களான நாம் சொல்லிப் பார்க்கலாம். ஒருவன் மற்றவனுக்குச் சித்தப்பா. அந்த மற்றவனோ இவனுக்குத் தாய்மாமன். இருவருமே ஒருவருக்கொருவர் மூத்த முறை. சொல் இருக்கிறது, ஆனால் சொல்லால் ஒன்றும் நேராவதில்லை.

அரசனுக்கு விடை தெரியவில்லை. வாயைத் திறக்காமல் நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் மனம் கனிந்து, பிட்சு உன்னையே பலியிடப் போகிறான் என்று எச்சரிக்கிறது. முந்தைய ஒவ்வொரு முறையும் அவனை மரத்தடிக்குத் திருப்பி இழுத்தது அவன் அறிவு. அவனைக் காப்பாற்றியது அவனுக்குத் தெரியாமல் போனது. மற்றக் கதைகள் எல்லாம் இந்த ஒரு திருப்பத்துக்காகச் சுமக்கப்பட்டவை.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-ல் தொடங்கிய பத்திரிகை அம்புலிமாமா. பழைய கதைகளின் சரக்கு சீக்கிரமே தீர்ந்தது. தொடர் தீரவில்லை. புதிய கதைகளைப் புனைந்து வேதாளத்தின் வாயில் போட்டார்கள். பல பத்தாண்டுகள் போட்டார்கள். நங்கநல்லூரில் பழைய பேப்பர்க் கடையில் கிடைத்த ஒரு கட்டை, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த இதழ்கள், அண்மையில் வரிசையாகப் படித்தேன். ஒவ்வொன்றிலும் விக்கிரமன் பதில் சொல்கிறான். கதை கட்டும்போதே விடையைப் பையில் வைத்துக்கொண்டுதான் கட்டியிருக்கிறார்கள். பிட்சு மறைந்துவிட்டான், யாருக்காகச் சுமக்கிறான் என்பதே கேள்வி இல்லை. தலை வெடிக்கும் என்பது மாதாந்தர வாய்ப்பாடு. ஆபத்து போனபின் மிஞ்சுவது நீதிபோதனை வகுப்பு. அதிலும் முதல் பெஞ்சுப் பையன்தான் அரசன்.

கைவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. குடும்பராவ் பொறுப்பில் இருந்த காலத்து உரைநடையின் சிக்கனம் நம் பெரிய பத்திரிகைகளுக்கு இன்றும் கைவரவில்லை. 1952-ல் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர், 2020-ல் மறைந்தவர், வரைந்த அந்தத் தலைப்புப் படத்தில் பிணத்துக்குக் கனம் உண்டு. படத்துக்குத் தெரிந்தது கதைக்குத் தெரியவில்லை என்பதுதான் என் புகார்.

குழந்தைகள் கேட்டார்கள், கொடுத்தார்கள் என்பார்கள். இது பழைய சப்பைக்கட்டு. அமெரிக்காவில் பிராங்க் பாம் 1910-ல், தன் ஆறாவது புத்தகத்தோடு, ஓஸ் தேசத்தை யார் கண்ணுக்கும் தெரியாதபடி மறைத்துக் கதவைச் சாத்தினார். கடன் நெருக்கியது, 1913-ல் திறந்துவிட்டார். 1919-ல் அவர் இறந்த பிறகும் வேறு கைகள் ஓஸ் எழுதின. தொடர்கள் குழந்தைகளின் ஆசையால் நீள்வதாகச் சொல்லப்படுகிறது. நீட்டுவது பெரும்பாலும் பெரியவர்களின் கணக்குப் புத்தகம். அம்புலிமாமாவும் 2007-ல் கைமாறி, சில ஆண்டுகளில் அச்சில் வருவது நின்றது. அந்த முடிவும் கதையிலிருந்து வந்ததல்ல.

இதைச் சிறுவர் சமாச்சாரம் என்று தள்ள வேண்டாம். அந்தத் தொடரைப் படித்து வளர்ந்த இரண்டு தலைமுறை இன்று கதை எழுதுகிறது, கவிதை எழுதுகிறது. முடிவில் பதில் சொல்லாமல் இவர்களால் இருக்க முடிவதில்லை. கடைசிப் பத்தியில் ஒரு தீர்ப்பு, கடைசி வரியில் ஒரு பளிச். நம்முடைய சிறுபத்திரிகைக் கதைகளிலும் பாதி, பிணத்தைக் கீழே போட்டுவிட்டு வாதத்தில் ஜெயித்த விக்கிரமன்கள்தாம். தெரியாததைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும் எழுத்து எத்தனை தேறும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

மறுபதிப்புப் போட முனைபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புனைந்த கதைகளைத் தொகுப்பதற்கு முன், அந்தக் கடைசிப் புதிரை நல்ல தமிழில் குழந்தைகளுக்குக் கொடுங்கள். கீழே விடையை அச்சிடாதீர்கள்.