ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘தண்ணி குறைவு’... உடனே ஆபரேஷன்தானா?

“மக்ளே, ஸ்கேன்ல தண்ணி கொறவுன்னு எழுதியிருக்காவ. பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?”

போன வாரம் நாகர்கோவிலில் இருந்து பெரியம்மா போன் செய்தபோது குரலே சரியில்லை. அக்காவுக்கு 38 வாரம். பிரஷர், சுகர் இல்லை. குழந்தையின் வளர்ச்சியும் சரி. ‘ஏ.எஃப்.ஐ. 4.8’ என்ற ஒரே ஓர் எண்தான் வீட்டையே கலங்கடித்திருந்தது.

அது என்ன எண்? வயிற்றை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பனிக்குட நீரின் ஆழத்தை அளந்து கூட்டுவார்கள். அதுதான் ஏ.எஃப்.ஐ. 5 செ.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் ‘குறைவு’. இன்னொரு முறையும் இருக்கிறது. நீர் அதிகம் தேங்கியிருக்கும் ஓர் இடத்தின் ஆழத்தை மட்டும் அளப்பது. அங்கே 2 செ.மீ. இருந்தாலே போதுமானது.

இந்த இரண்டு முறைகளையும் ஜெர்மனியில் 4 மருத்துவமனைகளில், நிறைமாதக் கர்ப்பிணிகள் 1,000 பேருக்கு மேல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. ஏ.எஃப்.ஐ. முறையில் 100-க்கு சுமார் 10 பேருக்கு ‘நீர் குறைவு’ என்று வந்தது. மற்ற முறையில் 2 பேருக்குத்தான். நீர் குறைவு என்று சொல்லி மருந்து கொடுத்து வலி வரவைத்ததும் ஏ.எஃப்.ஐ. பிரிவில்தான் அதிகம். ஆனால், பிறந்தபின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தைகளின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். 34 வாரத்தையொட்டி சுமார் 800 மி.லி. வரை இருக்கும். அதன்பிறகு இயல்பாகவே குறையும். அம்மாவின் உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலும் அளவு இறங்கும். அதனால் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள்.

அதற்காக, ‘இளநீர் குடிச்சா சரியாயிரும்’ என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ உடனே கிளம்புங்கள். வண்டி இல்லையா, 108-ஐ அழையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிரஷர், சுகர், குழந்தை வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கணக்கே வேறு. அப்போது சீக்கிரம் பிரசவம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவர்கள் பதறாமல் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ‘ஆழமான இடத்தில் எத்தனை செ.மீ. இருக்கிறது? குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?’

அக்காவும் கேட்டாள். ஆழமான இடத்தில் 2.6 செ.மீ.; இதயத்துடிப்பு நார்மல்; மூன்று நாளில் மறு ஸ்கேன். இப்போது வீட்டில் எல்லோரும் அந்த எண்ணை விட்டுவிட்டார்கள். அக்கா அசைவை எண்ணிச் சொல்லச் சொல்ல, பெரியம்மா காலண்டரில் குறித்து வைக்கிறார்.