தலையிடியும் குருதியமுக்கமும்

நோயைப் பற்றி எழுதுவது வைத்தியர்க்கு உரிய பணி; தமிழாசிரியர்க்கு அதில் என்ன அலுவல் என்று அன்பர் சிலர் வினவலாம். ஒரு சொல் நம்மவரை மயக்கும் வகையைக் கூறவே யாம் புகுந்தோம். "தலை இடிக்கின்றது; பிறசர் ஏறிவிட்டது போலும்" என்னும் பேச்சை வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் நாடோறும் கேட்கின்றோம். அமுக்கம் என்ற சொல்லைக் கேட்டதும், தலையை ஏதோ அமுக்குவது போன்ற உணர்ச்சியே அதன் அறிகுறி எனக் கொண்டுவிடுகின்றோம். இதனால் விளையும் கேடுகள் இரண்டு. சிலர் தலை இடிக்கும் நாளில் மட்டும் அமுக்கத்துக்குரிய குளிசையை உட்கொண்டு மற்றைய நாள்களில் நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் தலையிடி இல்லாமையையே சுகத்துக்குச் சான்றாகக் கொண்டு, ஒருநாளேனும் அளந்து பார்க்காதிருக்கின்றனர்.

இவ்வெண்ணம் மெய்யோ என்பதை ஒருவர் இருவரின் அனுபவங்கொண்டு துணிதல் இயலாது. பெருந்தொகையான மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்தல் வேண்டும். நம்மவர் பலர் குடியேறி வாழும் நோர்வே நாட்டில் அத்தகைய ஆராய்ச்சி ஒன்று நிகழ்ந்தது. வட திறண்டலாக் என்னும் பகுதியில் 1984 முதல் 1986 வரை, வயதுவந்தோர் அனைவரையும் அழைத்துக் குருதியமுக்கத்தை அளந்தனர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வந்தனர். பதினோராண்டு கழிந்தபின் அம்மக்களிடம் தலையிடி பற்றி வினவினர்.

தொடக்கத்தில் தலையிடி இல்லாதிருந்தோர் எனக் கொள்ளத்தக்க 22,685 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு நமது எண்ணத்துக்கு நேர்மாறானது. அமுக்கத்தின் மேலளவு 150 அல்லது அதற்கு மேற்பட்டிருந்தோர்க்கு, 140க்குக் குறைந்திருந்தோரிலும் பார்க்க, சாதாரண தலையிடி நேரும் வாய்ப்பு 30 வீதம் குறைவாகக் காணப்பட்டது. ஒற்றைத் தலையிடிக்கும் அமுக்கத்துக்கும் தெளிவான தொடர்பு புலப்படவில்லை. அமுக்கம் உயரும்போது நோவுணர்ச்சி மழுங்குதல் இதற்குக் காரணமாகலாம் என்பர் ஆய்வாளர். ஆகவே உயர்ந்த அமுக்கம் நம்மை எச்சரிக்கும் என்று காத்திருத்தல் பேதைமையாகும். அது ஓசையின்றியே இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது. 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் 128 கோடிப் பேர்க்கு உயர் குருதியமுக்கம் உண்டென்றும், அவருள் 46 வீதத்தினர் அதனை அறியாதிருக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டளவில் கணித்தது.

இனி, தலையிடிக்கு நாம் எளிதாக வாங்கி விழுங்கும் நோவுக் குளிசைக்கு வருவோம். அதே நோர்வே ஆராய்ச்சியில் 32,067 பேரின் விவரங்கள் 2003 இல் வெளியாயின. தொடக்கத்தில் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் நோவுக் குளிசை உட்கொண்டோர்க்கு, பதினோராண்டின் பின் நாட்பட்ட ஒற்றைத் தலையிடி இருக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறக்குறைய 13 மடங்காகவும், நாட்பட்ட பிற தலையிடி இருக்கும் வாய்ப்பு 6 மடங்காகவும் இருந்தன.

நோவு மிகுந்தோரே குளிசையை மிகுதியும் நாடுவர். ஆதலின் குளிசைமேற் பழி சுமத்தல் தகுமோ எனின், அது தக்க வினாவே. ஆயினும் அக்குளிசைகளை உட்கொண்டோர்க்கு நாட்பட்ட கழுத்து நோவும் இடுப்பு நோவும் இரண்டு மடங்குக்குச் சற்றே மேற்பட்டிருக்க, தலையிடி மட்டும் இத்துணை மிகுந்தமை சிந்திக்கத்தக்கது. மிகையாக உட்கொண்ட குளிசையை நிறுத்தியபின் தலையிடி தணிந்தோர் பலரை வைத்தியர்கள் கண்டுள்ளனர். சாதாரண நோவுக் குளிசையாயின் மாதத்தில் 15 நாளும், கலப்புக் குளிசையாயின் 10 நாளும், மூன்று மாதத்துக்கு மேல் தொடருமாயின், மருந்தே தலையிடியை வளர்க்கக்கூடும் என்பது அவர்தம் துணிபு.

குருதியமுக்க மருந்து சிலருடைய ஒற்றைத் தலையிடியைக் குறைப்பதேன் என்றும் கேட்கலாம். புறொப்பிறனலோல் முதலிய சில மருந்துகள் அமுக்கம் இயல்பாக உள்ளோர்க்கும் அவ்வாறு பயன் தருகின்றன. எனவே தலையிடிக்கு அமுக்கமே காரணம் என்பதற்கு அது சான்றாகாது.

இவ்வாறு கூறுதலால் எத்தலையிடியையும் பொருட்படுத்தற்க என்பது எமது கருத்தன்று. திடீரெனத் தோன்றும் கடுந்தலையிடியோ, பேச்சுக் குழறலோ, கைகால் சோர்வோ, பார்வை மங்கலோ நேர்ந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அமுக்கம் 180க்கு 120 என்னும் அளவைக் கடந்து இக்குறிகள் தோன்றினும் அவ்வாறே செய்க. தினமும் உட்கொள்ளுமாறு வைத்தியர் பணித்த குளிசையை அவரைக் கேளாது நிறுத்துதல் ஆகாது.

விழாக்காலத்தில் மண்டபமும் மதிலும் எழுப்புதல் நன்று. அதனோடு, ஆண்டுக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரையும் அமைதியாக அமரச்செய்து, குருதியமுக்கத்தை அளந்து, சீட்டிற் குறித்துக் கொடுக்கும் ஒழுங்கொன்றைப் பழைய மாணவர் சங்கத்தார் ஏற்படுத்துதல் வேண்டும். நம் கல்லூரி ஈன்ற வைத்தியர் பலர் இதற்கு முன்வருவர் என நம்புகின்றோம். ஒருமுறை அளந்தது கொண்டு நோயென்று துணிதல் கூடாது. உயர்ந்திருப்பின் மீண்டும் அளத்தற்கு அச்சீட்டு ஏதுவாகும். மாணவரும் தத்தம் இல்லத்து முதியோர்க்கு, தலை இடியாத நாளிலும் அமுக்கத்தை அளந்து பார்க்குமாறு எடுத்துரைப்பாராக. தலையிடிக்கு உட்கொள்ளும் குளிசைகளை நாட்காட்டியிற் குறித்துவரவும் உதவுவாராக. பெருஞ்செலவில்லாத இத்தொண்டினைச் சங்கத்தார் இவ்வாண்டிலேயே தொடங்குதல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.