தகரப் பெட்டியில் ஒரு காகிதம்

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பழைய காகிதங்களை வாரித் தெருவில் கொளுத்துகிறோமே, அதில் ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே.

என் பெரியக்கா மேலூரில் இருக்கிறாள். 14 வருஷத்துக்கு முன் சிறுநீரில் ரத்தம் போய், புற்றுநோய்க் கட்டி என்று இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அப்புறம் நாற்று நட, களை எடுக்க என்று திடமாகத்தான் இருந்தாள். போன வருஷம் இருமல் பிடித்தது. சுக்குக் கஷாயம், மருந்துக்கடை டானிக் என்று இரண்டு மாதம் ஓடிற்று. படம் எடுத்தால் நுரையீரலில் எலுமிச்சங்காய் அளவு கட்டி!

"டாக்டர்ட்ட பழைய ஆபரேஷனைச் சொன்னியாக்கா?" என்றேன்.

"அடி போடி, அது வயித்துல, இது நெஞ்சுல. அந்தப் பழங்கதை எதுக்கு?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தான் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். கரண்ட் பில்களுக்கு நடுவே அந்தப் பயாப்சி ரிப்போர்ட் கிடந்தது. மதுரை டாக்டர் அதை வாசித்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. சிறுநீரகப் புற்றுநோய் பத்து, இருபது வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டுமாம். நுரையீரல், எலும்பு, கணையம், ஏன், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தில்கூட. ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதே பழைய நோய்தான்.

அக்கா அழுதாள். பரவிவிட்டால் முடிந்தது என்றுதானே நாமெல்லாம் நினைக்கிறோம்? "இத்தனை வருஷம் கழிச்சு, அதுவும் ஒரே இடத்துல வந்திருக்கு. அது நல்ல அறிகுறிதாம்மா, எடுத்துடலாம்" என்றார் டாக்டர். அமெரிக்காவில் பார்னி, சர்ச்சில் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகத்தையும், நோய் பரவிய நுரையீரல் பகுதியையும் எடுத்து, 1939-ல் அதை எழுதி வைத்தார்களாம். அந்த அம்மாள் ஆபரேஷனுக்குப் பின் 23 வருஷம் இருந்து, கடைசியில் இருதய நோயில்தான் இறந்தாராம்.

உடம்பு முழுக்க ஸ்கேன் செய்து, வேறெங்கும் இல்லை என்று தெரிந்த பிறகே கத்தி வைத்தார்கள். பல இடங்களில் பரவியிருந்தால் பெரும்பாலும் மாத்திரை, ஊசி மருந்துகள்தான் வழியாம். வழக்கமான கீமோவுக்கு இந்த நோய் அவ்வளவாக மசிவதில்லை.

அக்கா இப்போது தேறிவிட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேன். ஒற்றைச் சிறுநீரகமாயிற்றே, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கூடவே கூடாது. மூட்டுவலிக்கு முணுமுணுத்துக்கொண்டே தைலம் தேய்க்கிறாள்.

அந்தக் காகிதம் என் பீரோவில், ரேஷன் கார்டோடு இருக்கிறது. ஜெராக்ஸ் ஒன்று அக்காவின் சுருக்குப் பையில்.